எடை குறையாத மாமா

மாமாவின் பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துக் குருவி இன்னொரு ஓட்டை போட்ட அன்றும், ஆஸ்பத்திரி எடை மெஷினில் மாமா போன வாரம் இருந்த எடையிலேயே இருந்தார். பேண்ட் கழன்று விழுகிறது. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் தேங்கி நிற்கும் போலிருக்கிறது. மெஷினில் எண் மட்டும் அசையவில்லை. குருவிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

குருவி என்பது மாமா வைத்த பெயர். ஒல்லியாக இருக்கிறாள், ஓயாமல் பேசுகிறாள், அதனால். வேலை தேடி ஊரைவிட்டு வந்து, அம்மாவின் தம்பியான இந்த மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மலைமலையாக வெளுத்து மடிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. மாமாவுக்குப் பழைய இரும்பும் பேப்பரும் வாங்கும் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வேலை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், எடை போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை என்பார்.

அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுக்க வேண்டாம், கதிர்வீச்சு கொடுத்தே கரைக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். குடும்பத்தில் எல்லோரும் அதை 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொன்னார்கள். சனி ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், வாரக்கணக்கில்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் நோயாளிகளையும் கூட வந்தவர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்து, உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வகுப்பு எடுத்தார்கள். எடுத்தவர் கொஞ்சம் வயதான நர்ஸ். அதனால் எல்லோருக்கும் அவர் 'டீச்சர் நர்ஸ்'. குருவி போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நர்ஸ் சொல்லச் சொல்ல முணுமுணுத்தாள். போன் அதை எழுத்தாக்கிக் குடும்பக் குழுவுக்கு அனுப்பியது. நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்ததால் கண்ணாடித் திரைக்கு அவள் தொடுவதே தெரிவதில்லை. ஞாபகத்தை நம்பவும் பயம். ஒரு சொல் விட்டுப்போனால் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குப் படபடப்பு.

நர்ஸ் நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வால் இருந்தது, அந்த வால் பேச்சையே திருப்பிப் போட்டது. கழுத்தைக் கழுவலாம், ஆனால் தேய்க்கக் கூடாது. துடைக்கலாம், ஆனால் ஒற்றி எடுக்க வேண்டும். அவர்கள் தருகிற களிம்பு நல்லது, ஆனால் கதிர் வைக்கப் போகும் முன்னால் பூசக் கூடாது. வீட்டில் இருக்கிற தைலம், பவுடர், சென்ட் எதுவும் கழுத்துப் பக்கமே வரக் கூடாது. ஷேவ் பண்ண பிளேடு வேண்டாம். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும், நினைத்தபோதெல்லாம். வலித்தாலும் விழுங்கும் பயிற்சியை விடக் கூடாது. அசதி வரும், ஓய்வெடுக்கணும். ஆனால் படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடக்கணும். சாப்பிடுவதற்கு முன்னால் வலி மருந்து.

நடுவில் அம்மாவின் கேள்வி ஒன்று போனில் வந்து விழுந்தது. மாமாவின் உடம்பில் கரண்டு தங்குமே, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? குருவி எழுந்து கேட்டாள். பின்வரிசையில் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி, பல பேர் கேட்காமலேயே வீட்டில் தனித்தட்டு வைத்து நோயாளியை அழ வைக்கிறார்கள் என்றார். மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், இந்தச் சிகிச்சையில் உடம்பில் எதுவும் தங்காது, கட்டிப்பிடித்துத் தூங்கலாம் என்றார். கட்டிப்பிடிக்க ஆள் வேண்டுமே என்றார் மாமா. அறையே சிரித்தது.

பிறகு நர்ஸ், கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்கப் பூட்டுகிற, வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு முகமூடியைத் தூக்கிக் காட்டினார். அப்போது அவர் சொன்னது குருவிக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது.

"இது உங்க முகத்துக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. நீங்க இளைச்சா இது லூசாயிரும். லூசானா தலை நகரும். தலை நகர்ந்தா கதிர் கட்டி மேல படாம நல்ல இடத்துல படும். அதனால எடையை விட்டுராதீங்க. சாப்பிடவே முடியலைன்னா சொல்லுங்க, மூக்கு வழியா ஒரு சின்னக் குழாய் வெச்சு ஆகாரம் குடுப்போம்."

அதுவரை வாய் ஓயாமல் இருந்த மாமா அதோடு அடங்கிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னார்.

"குழாய்னு ஒண்ணு மூக்குல வந்துச்சுன்னா நான் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன் குருவி. எங்கப்பாவுக்கு வெச்சாங்க. அதுக்கப்புறம் அவரு வீட்டுக்கு வரலை."

இதை மட்டும் குருவி போனில் சொல்லவில்லை.

குழுவில் அன்றே வைத்தியர்கள் பெருகிவிட்டார்கள். சித்தி ஒரு சாறு சொன்னாள். பெரியப்பா பையன் சாறே கூடாது என்றான். அதற்கு மேல் அம்மாவின் குரல் வந்தது. "வெறும் வயித்துல வலி மருந்தா? குடல் வெந்துபோயிரும். முதல்ல வயித்துக்கு நாலு வாய் போகட்டும், அப்புறம் மருந்து. நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு."

குருவி சொன்னாள். நர்ஸ் முன்னால் என்கிறார், அம்மா பின்னால் என்கிறாள் என்று இரண்டையும் மாமா முன்னால் வைத்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவள் எந்தப் பக்கம் சாய்வாள்? மாமா சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கி வளர்த்த அக்கா. அவள் சூரியன் மேற்கே உதிக்கும் என்றால், அவர் மேற்கே பார்த்து நிற்பார்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு கழுத்துத் தோல் இஸ்திரிப் பெட்டி அதிக நேரம் நின்ற துணிபோலக் கருத்தது. குரல் உடைந்தது. குருவி வேலைக்குப் போகும் முன்னால் பாலும் முட்டையும் கலந்து கஞ்சியைக் கூழாகக் கரைத்து வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் கிண்ணம் காலியாக, கழுவிக் கவிழ்த்து இருக்கும். இதுவே அவளைக் குழப்பியது. பிறந்ததிலிருந்து மாமா எந்தக் காலத்தில் கிண்ணம் கழுவினார்? உடம்பு சரியில்லாதபோது மனிதர்கள் திருந்துவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலமானால் நடக்கக் கிளம்பிவிடுவார். எங்கே போனீர்கள் என்றால், கடை வரைக்கும் போய் நம் ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தேன், நர்ஸ்தானே நடக்கச் சொன்னாங்க என்பார். குருவிக்குப் பெருமையாக இருந்தது. அதையும் குழுவில் சொன்னாள்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உடுப்போடு பாருங்கள், அப்போதுதான் கணக்குச் சரியாக வரும் என்று நர்ஸ் வகுப்பில் சொல்லியிருந்தார். மாமா முதல் நாளே கடையில் போடுகிற தடித்த கோட்டோடுதான் மெஷினில் ஏறினார். அதனால் ஒவ்வொரு வாரமும் அதே கோட்டு; கேட்டால் குளிருது என்பார். முழங்கை தேய்ந்து, பக்கத்துக்கு இரண்டு ஆழமான பையோடு இருக்கும். எண் அப்படியே நின்றது. நர்ஸ் முதுகில் தட்டினார். இந்தக் கூட்டத்திலேயே நீங்கதான் நல்ல மாணவர் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். மாமா வெட்கப்பட்டார்.

குருவிக்குத்தான் தூக்கம் போயிற்று. துவைத்துத் துவைத்து பேண்ட் பெரிதாகிவிட்டதோ என்று யோசித்தாள். ஆனால் அவளுக்கா துணியைப் பற்றித் தெரியாது? பருத்தித் துணி சுருங்கும். வளர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. மெஷின் கோளாறோ என்று ஒருநாள் மாமா இறங்கியதும் தானே ஏறிப் பார்த்தாள். அவளுடைய எடையைச் சரியாகக் காட்டியது. மெஷினும் சரி, பேண்ட்டும் சரி என்றால், கோளாறு அவள் கண்ணில்தானே? அம்மாவிடம் போனில் சொன்னாள், "எடை அப்படியே இருக்கும்மா. ஆனா மாமா பாதியாயிட்டாரு."

"ரெண்டுல ஏதாவது ஒண்ணு சொல்லுடி" என்றாள் அம்மா.

நர்ஸிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை அறை வாசல் வரை போனாள். என்னவென்று கேட்பது? எங்க மாமாவுக்கு எடை குறையவில்லை, என்னன்னு பாருங்கள் என்றா? யாராவது கேட்டால் இவளைத்தான் உள்ளே படுக்க வைப்பார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

பெல்ட்டில் ஓட்டை போட்ட அன்று, எடை பார்த்துவிட்டு மாமா உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே மெஷினை இயக்கும் பையன் வெளியே வந்தான். முகமூடியைப் பூட்டிய பிறகும் அவருடைய தலை உள்ளே அசைகிறது, அதனால் இன்றைக்குக் கதிர் வைக்கவில்லை, டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறோம் என்றான். சாப்பிடுகிறாரா என்று கேட்டான். கிண்ணம் காலியாகத்தான் இருக்கு என்றாள் குருவி. எடையும் சரியாகத்தான் இருக்கு, அதான் எங்களுக்கும் புரியலை என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். கதிர் நல்ல இடத்துல படும் என்று நர்ஸ் சொன்னது காதில் கேட்டது. இதுவரை எங்கே பட்டிருக்கும்?

அப்போது உடை மாற்றும் இடத்தைக் கவனிக்கும் அம்மாள் மாமாவின் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த ஆள் வந்துவிட்டார், கொக்கி வேண்டும், நீயே வைத்துக்கொள் என்று நீட்டினார்.

"உங்க மாமா என்னம்மா, கோட்டுக்குள்ள வீடு கட்டுறாரா?"

குருவி வாங்கினாள். கை தானாகக் கீழே போயிற்று. நனைந்த விரிப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கி எடை பழகிய கை அது. இது துணியின் எடை இல்லை என்று அதற்குத் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டாள். ஒரு பித்தளைக் குழாய்த் தலை வந்தது. பெரிய போல்ட் ஒன்று, அதன் நட்டோடு. கிழிந்த லைனிங்குக்குள் இரும்புத் துண்டுகள், ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி துணி சுற்றி. அடியில் கடையின் எடைக்கல் ஒன்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். மாமா சோற்றையே பூசணிக்காயில் மறைத்திருக்கிறார்.

மாமா ஆஸ்பத்திரி அங்கியோடு வெளியே வந்தார். நெற்றியிலும் கன்னத்திலும் வலையின் தடம். அவளுடைய மடியில் கோட்டைப் பார்த்ததும், நடை நின்று, பிறகு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பழைய பேப்பர் கட்டுக்குள்ள கல்லை வெச்சுக் கொண்டு வருவானுங்க" என்றார், கரகரத்த குரலில். "கட்டைத் தூக்கும்போதே சொல்லிருவேன், இதுல கல்லு இருக்குன்னு. ஒரு பயலும் என்கிட்ட தப்பிச்சதில்லை."

"அதனால நீங்களே வெச்சுக்கிட்டீங்களா?"

"எவ்வளவு குறையுதோ அவ்வளவு. கடைத் தராசுல நின்னு பார்த்துட்டுத்தான் போடுவேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை." அதிலும் ஒரு தொழில் கர்வம் எட்டிப் பார்த்தது.

கஞ்சி எங்கே போயிற்று என்று கேட்டாள். சாக்கடைக்கு, என்றார். விழுங்கினால் நெருப்புத் துண்டை விழுங்குவதுபோல இருக்கிறதாம்.

"வலி மருந்து?"

"சாப்பிட்டாத்தானே மருந்து. அக்கா சொல்லிருக்கா இல்ல?"

"மருந்து குடிச்சாத்தானே மாமா சாப்பிட முடியும்?"

"சாப்பிடவே முடியலையே, அப்புறம் எங்க மருந்து குடிக்கிறது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். மருந்து பாட்டில் அலமாரியில் மூடி திறக்காமல் நிற்பது குருவிக்கு இப்போதுதான் மனக்கண்ணில் பட்டது. தினமும் அதைத் துடைத்து வைத்தவளே அவள்தான். அம்மாவின் வார்த்தையைச் சுமந்து வந்து கொடுத்ததும் அவள்தான்.

"சொல்லப் போறியா?" என்று கேட்டார் மாமா. "சொன்னா குழாய் வெப்பாங்க."

குருவிக்குத் தெரியவில்லை. சொன்னால் மாமா எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால் கதிர் குறி தப்பும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல உட்கார்ந்திருந்தபோது டீச்சர் நர்ஸ் வேகமாக வந்தார், கையில் மாமாவின் காகிதங்களோடு. எடை சரியாக இருக்கிறது, முகமூடி லூசாக இருக்கிறது, இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை, வீக்கம் ஏதும் வடிந்ததா, முகமூடியே மாறிவிட்டதா என்று அவரும் குழம்பிப்போய்க் கேட்டுக்கொண்டே போனார்.

குருவி வாயைத் திறந்தாள். ஓயாமல் பேசுகிற வாய் அது. அன்று ஒரு சொல்லும் வரவில்லை. எழுந்து கோட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் இருந்த எடை மெஷினுக்குப் போய் அதன் மேல் வைத்தாள். மாமாவே ஏறியதுபோல மெஷின் கடமையாக ஓர் எண்ணைக் காட்டியது.

நர்ஸ் எண்ணைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

திட்டப்போகிறார் என்று குருவி நினைத்தாள். அவர் திட்டவில்லை. நான்தான் கோட்டைக் கழட்டச் சொல்லியிருக்கணும், நல்ல மாணவர்னு மயங்கிட்டேன் என்று சொல்லிவிட்டு, மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று மட்டும் கேட்டார். குழாய், அப்பா, அக்கா, மருந்து எல்லாம் தலைகீழாக வெளியே வந்தன. மருந்துக் கதையைக் கேட்டதும் நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க அக்கா போன்ல இருப்பாங்களா?"

குருவி கூப்பிட்டாள். அம்மா எடுத்தாள். நர்ஸ் பேசுகிறார் என்றதும் நேராக, வெறும் வயிற்றில் மருந்து கொடுப்பது எந்த ஊர் வைத்தியம் என்று ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்றது மாத்திரைக்கு சரிம்மா" என்றார் நர்ஸ். "இது மாத்திரை இல்லை. வாயையும் தொண்டையையும் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கிற தண்ணி மருந்து. அது மரத்திருக்கும்போதுதான் சாப்பாடு இறங்கும். சாப்பிட்ட பிறகு குடிச்சா ஒரு புண்ணியமும் இல்லை."

கோட்டுக்குள் இரும்பு வைத்து எடை காட்டியதையும் சொன்னார். பிறகு அம்மா, "அவன்கிட்ட குடுங்க" என்றாள். குருவி போனை மாமாவின் காதருகில் பிடித்தாள்.

"டேய். முன்னாடி குடி."

"பின்னாடின்னு சொன்னே?"

"நான் சொன்னது தப்பு. முன்னாடி குடி. கட்டுக்குள்ள கல்லு வெச்சுக் கொண்டு வர்றவனை நீ என்னடா பண்ணுவே?"

மாமா எச்சில் விழுங்கப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கல்லைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு எடை போடுவேன்."

"அதைப் பண்ணு" என்றாள் அம்மா. போன் அணைந்தது.

மாமா எழுந்து, அங்கி மட்டும் போட்ட உடம்போடு மெஷினில் ஏறினார். வந்த எண்ணை நர்ஸ் உரக்கப் படிக்கவில்லை, எழுதிக்கொண்டார். குருவி பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் தன் கண் பொய் சொல்லவில்லை என்றும் தோன்றியது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் ஒரு சின்ன மூடியில் மருந்தைக் கொண்டுவந்து, வாயில் வைத்துச் சுழற்றி மெதுவாக விழுங்கச் சொன்னார். சற்று நேரத்தில் மாமா நாக்கை வெளியே நீட்டித் தொட்டுப் பார்த்தார். நாக்கு இருக்கிறதா, எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களா என்று கேட்டார். பிறகு ஆறின பால் வந்தது. மரத்த வாயில் புரையேறும், சூடும் தெரியாது, அவசரப்படக் கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்து துளித்துளியாக என்று நர்ஸ் பக்கத்திலேயே நின்றார். மாமா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக் காத்திருந்தார், நெருப்பு வரும் என்று. வந்தது, ஆனால் தூரத்தில் எங்கேயோ வந்ததுபோல. இன்னொரு வாய் குடித்தார். அரை டம்ளர் போவதற்குள் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் பலர் மாறிவிட்டார்கள்.

புது முகமூடி செய்ய வேண்டும், திரும்பவும் ஸ்கேன் எடுத்து அளவெல்லாம் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். இதுவரை வைத்தது வீணா என்று குருவி கேட்டாள். அதை டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும், நான் இப்போ சமாதானம் சொன்னா அதுவும் கல்லு வெச்ச கட்டுதான் என்றார். குழாயைப் பற்றியும் வாக்குக் கொடுக்கவில்லை.

"இந்த மருந்தோட எடை நின்னா வேண்டாம். நிக்கலைன்னா வெப்போம். வாய் ஆறினதும் எடுத்துருவோம். உங்க அப்பாவுக்கு என்ன வியாதி, எதுக்கு வெச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது உங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கு வெக்கிறது."

மாமா மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார்.

வெளியே காற்று அடித்தது. மாமா நிஜமாகவே நடுங்கினார். இத்தனை நாள் குளிரென்று சொன்னது முழுப் பொய் இல்லை என்று குருவிக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசல் படியில் நின்று கோட்டுப் பைகளிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். எடைக்கல்லைப் பத்திரமா வை, கடைச் சரக்கு, திருப்பிக் கொடுக்கணும் என்றார் மாமா. கோட்டை அவருக்குப் போட்டுவிட்டாள். கொக்கியில் மாட்டியதுபோலத் தொங்கியது.

பஸ் வருவதற்குள் போன் அடித்தது. அம்மாதான்.

"உண்மையான எடை எவ்வளவுடி?"

குருவி மாமாவைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சொல்லு என்பதுபோல் கையை ஆட்டினார். குருவி சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் அம்மா அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, வீட்டுக்குப் போனதும் என்ன கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாள்.

"முதல்ல மருந்து" என்றாள் குருவி. துணிப்பை தோளை இழுத்தது. அதை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.